ரிஸ்காலா, நந்தி மலையா: ஒசூரில் இரு சிவப்பு ஒயின்கள்

ஸ்பெயினிலிருந்து திரும்பிய நண்பர் கொண்டுவந்த மார்கெஸ் தெ ரிஸ்கால் ரிசர்வாவையும், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியில் உருவாகும் குரோவர் ஜாம்பாவின் லா ரிசர்வையும் ஒசூரில் எங்கள் வீட்டில் ஒரே மாலையில் திறந்தோம். முன்னதன் ஒயினகம் 1858-இல் ஸ்பெயினின் ரியோஹா ஒயின் வட்டாரத்திலுள்ள எல்சியேகோ என்னும் சிற்றூரில் தோன்றியது. பின்னதன் நிறுவனம் 1988-இல் தொடங்கியது.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பருக வேண்டும் என்பது குளிர்நாட்டு அறைகளை மனத்தில் கொண்டு சொன்னது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கோடையில் அப்படியே ஊற்றினால் மூக்கில் ஏறுவது ஆல்கஹால் நெடிதான் என்பதால், 16 முதல் 18 பாகை வரை இறங்கட்டும் என்று இரண்டையும் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தோம்.

ரிஸ்கால் புட்டியைப் பொன்னிறக் கம்பிவலை போர்த்தியிருக்கிறது. காலிப் புட்டியில் வேறு ஒயினை நிரப்பி விற்ற போலிகளைத் தடுக்க வந்த வலை இன்று அழகுக்காகவே நிற்கிறது. அதைக் கழற்றுவதற்குள் நண்பரின் விரலில் ஒரு கீறல் விழுந்தது. ஊற்றியதும் முதலில் எழுந்தது பழ வாசனையன்று, கொப்பரைத் தேங்காயும் வெனிலாவும் கலந்த மணம். அது அமெரிக்க ஓக் பீப்பாய் தந்த கொடை. டெம்ப்ரனில்லோ திராட்சையின் செர்ரிச் சுவை அதன் பின்னால்தான், சற்றுத் தயங்கி வந்தது.

கேபர்னே சாவினோன், ஷிராஸ் ஆகிய திராட்சைகள் கலந்த லா ரிசர்வுக்கு அந்தத் தயக்கம் இல்லை. பழுத்த கரும்பழமும் மிளகும் உடனே முன்னால் வந்து நின்றன. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணிப் பழகிய நமக்கு, ஒயினில் அச்சுவையைத் தரும் டானினை விளக்க வேண்டியதில்லை: லா ரிசர்வ் நாவற்பழம் தின்றாற்போல நாக்கை இறுக்கியது, பீப்பாயிலும் புட்டியிலும் ஆண்டுகளைக் கழித்த ரிஸ்காலிலோ அது கட்டந்தேநீரின் அளவுக்குத் தணிந்திருந்தது.

இந்த வேறுபாட்டில் மண்ணுக்கும் பருவத்துக்கும் பங்குண்டு. ரியோஹாவில் குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்கும் கொடி, நந்தி மலையில் உறங்குவதே இல்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, கோடை முற்றுவதற்குள் அறுவடையை முடிக்கிறார்கள். அந்த வெயிலின் கனிவு லா ரிசர்விலும், குளிரிரவுகள் காத்த புளிப்பு ரிஸ்காலிலும் தெரிந்தது.

தனியே பருகுவதென்றால் தயங்காமல் ரிஸ்காலையே எடுப்பேன். ஆனால் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். அதில் ரிஸ்காலின் நுண்மணம் அடங்கிப்போக, லா ரிசர்வ் தன் மிளகு வாசனையால் குழம்போடு ஒட்டிக்கொண்டது. காரமற்ற களி இரண்டுக்குமே இடையிடையே கைகொடுத்தது.

மீந்ததைத் தக்கையிட்டு வைத்து மறுநாள் மாலை மீண்டும் சுவைத்தோம். லா ரிசர்வில் பழம் மங்கியிருந்தது. ரிஸ்காலில் கொப்பரை மணம் பின்வாங்கி, முந்தைய நாள் தயங்கிய செர்ரி முன்னே வந்திருந்தது.