கிலோ 320 ரூபாய்க்கு வாங்கிய "குளூட்டன் குறைந்த" கோதுமை மாவு

எனக்கு ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்) என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. பொருமல், சாப்பிட்ட அரை மணியில் பாத்ரூம், அப்புறம் இரண்டு நாள் ஒன்றும் போகாது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவனுக்கு இது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

போன மாதம் புதுச்சேரியில் ஓர் ஆர்கானிக் கடையில், "சார், இது குளூட்டன் குறைச்ச சம்பா கோதுமை மாவு. ஐபிஎஸ்காரங்களுக்குன்னே செய்யறது" என்றார்கள். கிலோ 320 ரூபாய். மூன்று கிலோ வாங்கி வந்தேன்.

சப்பாத்தி தேய்க்கும்போதே மனைவி, "என்னங்க, நல்லா இழுபடுதே" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோதுமை மாவை இழுபட வைக்கும் புரதம்தான் குளூட்டன். அது போய்விட்ட மாவு தேய்த்தால் விண்டுபோகும். நான்காம் நாள் காலை கிருமாம்பாக்கம் வருவதற்குள் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியதாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கைப்பிடி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி ஊறவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன். முதலில் பால் மாதிரித் தண்ணீர் வந்தது. அது மாவுச்சத்து. ஏழெட்டுத் தடவை தண்ணீர் மாற்றியபின் கையில் மிஞ்சியது, பழுப்பாக, சூயிங்கம் மாதிரி ஓர் உருண்டை. நெல்லிக்காய் அளவு இருக்கும். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. அதுதான் குளூட்டன். மில்லில் அரைத்த சாதாரண மாவிலும் செய்து பார்த்தேன். அதே நெல்லிக்காய்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் குளூட்டன் இல்லாதது, 20 முதல் 100 வரை இருந்தால் குறைந்தது. அந்த அளவு என்றால் ஒரு கைப்பிடியில் சில மில்லிகிராம்தான், கண்ணில் படாது. நெல்லிக்காய்க்கு வழியே இல்லை.

இதைவிட எரிச்சல், பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கொண்டைக்கடலை மாவு, சோயா, "நார்ச்சத்துக்காக" இன்யூலின். ஐபிஎஸ்காரர்கள் பலருக்குக் கோதுமையில் வயிற்றைப் படுத்துவது குளூட்டன் அல்ல, ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். இன்யூலின் என்பதே ஒரு ஃபிரக்டான்தான்! குளூட்டனை நிஜமாகவே எடுத்திருந்தாலும் இந்த மாவு எனக்கு ஆகாது. காசு கொடுத்து கூடுதலாக வாயுவை வாங்கியிருக்கிறேன்.

சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், அவர்களுக்குக் கொஞ்சம் குளூட்டனே குடலைப் புண்ணாக்கும். சீலியாக் சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்தியபின் செய்தால் இருக்கிற நோயும் இல்லை என்று வந்துவிடலாம்.

உருண்டையை டப்பாவில் போட்டுக் கடைக்கே கொண்டுபோனேன். "சார், இது உங்க தண்ணி பிரச்சினையா இருக்கும்" என்றார் கல்லாவில் இருந்தவர். பில் கேட்டால் தாளில் எழுதிய துண்டுச் சீட்டுதான். லேப் அறிக்கை கேட்டேன், "கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கு" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பாக்கெட், பில் துண்டு இரண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்திருங்கள்.

மீதி இரண்டு கிலோ சொச்சத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி நடக்கிறது. ரொம்ப மிருதுவாக வருகிறதாம்.