உப்புக்காற்றுக்குத் தாங்குகிற எலிக்கூண்டு எது?

இராமநாதபுரம் கடைத்தெருவிலும் மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து இரும்புக் கடைகளிலும் எலிக்கு ஏதாவது கொடுங்கள் என்றால் ஐந்து சாமான் வெளியே வரும்: கம்பிக் கூண்டு, கம்பி அடித்துக் கொல்லும் பலகைப் பொறி, பசை அட்டை, மெழுகு விஷக்கட்டி, பிளக்கில் சொருகும் ஒலிக்கருவி. இவற்றில் முதல் இரண்டுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். விஷக்கட்டிக்குத் தோப்பில் ஓர் இடம் உண்டு, வீட்டுக்குள் கிடையாது. கடைசியில் சொன்ன கருவியும் பசை அட்டையும் வேண்டவே வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன் வந்திருப்பது எது என்று பார்த்துவிட வேண்டும். எலிக்கேற்ற பொறி இல்லாவிட்டால் எந்தப் பொறியும் வீண். உடம்பை விட வால் நீளமாக, காது பெரிதாக, விட்டத்திலும் ஓலையிலும் ஓடினால் அது வீட்டெலி. தென்னங்கொண்டையில் கூடு கட்டுவதும் இதுதான். புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, இரு முனையும் கூராக இருக்கும். ஓடும் தடத்தில் சுவரிலும் விட்டத்திலும் கறுப்பாக எண்ணெய்ப்பிசுக்கு படியும். அரிசி மணியை விடச் சிறிய புழுக்கை சிதறிக் கிடந்தால் சுண்டெலி. கொல்லையில் புதுமண் குவிந்து, வளை வாயும் மண்ணால் அடைபட்டிருந்தால் அகழான் எலி. பெருச்சாளி வளையோ கை நுழையும் அளவு, பெரும்பாலும் சுவர் அடியிலும் சாக்கடை ஓரத்திலும்.

நீண்ட மூக்கோடு, கீச்கீச்சென்று கத்தியபடி சுவரோரமாகப் போவது மூஞ்சூறு. அது எலியே இல்லை. கரப்பானும் பூச்சியும் தின்று வாழ்வது. நாற்றம் பிடிக்காவிட்டாலும் கூண்டில் விழுந்தால் திறந்துவிடுங்கள்.

கம்பிக் கூண்டுக்கு வருவோம். ஒரு பக்கக் கதவு, உள்ளே இரை மாட்டும் கொக்கி, கதவைப் பிடித்திருக்கும் நீளக் கம்பி, மேலே ஒரு சுருள்வில். அவ்வளவுதான் இதன் அமைப்பு. வாங்கும்போது கடையிலேயே கதவைத் தூக்கி மாட்டி, ஒரு குச்சியால் கொக்கியை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் விழ வேண்டும். இழுத்தால்தான் விழும் என்றால் அந்தக் கூண்டு எலிக்குச் சோறு போடத்தான் ஆகும். கதவு விழுந்த பின் அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். சுலபமாகத் தூக்க வந்தால் பெருச்சாளி மூக்கைக் கொடுத்தே திறந்துவிடும். கம்பிக் கட்டம் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் குட்டி எலி நழுவும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும், ஆகவே பெரிய கூண்டில் அது சிக்காது.

இந்தக் கரையில் கூண்டு கெடுவது கம்பியில் இல்லை, கொக்கி மாட்டும் மடிப்பிலும் சுருள்வில்லிலும்தான். உப்புக்காற்றில் அந்த இரண்டும் முதலில் துருப்பிடித்து இறுகும். கூண்டு புதிதாகத் தெரியும், கதவு மட்டும் விழாது. பயன்படுத்திய பின் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு அந்த மடிப்பில் விடுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். பெயின்ட் அடித்த கூண்டில் மடிப்பிலும் பெயின்ட் அப்பியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டே மாட்டுங்கள்.

வைத்த அன்றே விழவில்லை என்று கூண்டைப் பழிப்பது நியாயமில்லை. வீட்டெலிக்குப் புதுப்பொருளைக் கண்டால் சந்தேகம். மூன்று நான்கு இரவு கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே இரை போட்டு வாருங்கள். உள்ளே போய்த் தின்று பழகியபின் கட்டை அவிழ்த்துவிடலாம். நடு அறையில் வைக்காமல் பிசுக்குத் தடம் இருக்கும் சுவரை ஒட்டி, வாய் தடத்தைப் பார்க்கும்படி வைத்து, மேலே பழைய சாக்கு போட்டு மூடுங்கள். சுண்டெலிக்கு இந்தப் பழக்கப்படுத்தல் தேவையில்லை. புதுசு எதுவானாலும் அதுவே வந்து முகர்ந்து பார்க்கும்.

இரை விஷயத்தில் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. கருவாட்டுக் கொட்டகையில் கருவாட்டையே மாட்டினால் எலிக்கு என்ன ஆசை வரும்? அங்கே சுட்ட தேங்காய்ச் சில்லு, பனைவெல்லம் சேர்த்து இடித்த நிலக்கடலை. தோப்புப் பக்கம் தேங்காய் எடுபடாது, ஒரு நெத்திலிக் கருவாடு போதும். எதுவானாலும் நூலால் கொக்கியில் சுற்றிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதவு விழாமலேயே கவ்விக்கொண்டு போய்விடும். மணல் வீடுகளில் எறும்பு முந்திக்கொள்ளும் என்பதால் இருட்டிய பிறகு இரை வைப்பது நல்லது.

விழுந்ததை ஊருக்கு வெளியே விடுவதால் பயனில்லை. பக்கத்தில் விட்டால் திரும்பும், தூரத்தில் விட்டால் இன்னொருவர் வீட்டுத் தொல்லை. தண்ணீரில் முக்குவது நீண்ட வதை. கூண்டைக் கெட்டிச் சாக்குக்குள் நீட்டித் திறந்து, தலையில் ஒரே அடியாக அடித்து முடித்துவிட வேண்டும். அது முடியாதவர்கள் முதலிலேயே பலகைப் பொறி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகைப் பொறி கூண்டை விட மலிவு, ஒரே நொடியில் கொல்லும், விட்டத்தின் மேலும் வைக்கலாம். எங்கள் பார்வையில் ஓலைக் கொட்டகைக்கு இதுவே சிறந்தது. இரை வைக்கும் தட்டு சுவரைத் தொடும்படி, பலகை சுவருக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இரண்டை அருகருகே வைத்தால் ஒன்றைத் தாண்டுவது மற்றதில் விழும். விட்டத்தில் வைப்பதைக் கம்பியால் கட்டாவிட்டால் அரைகுறையாக அடிபட்ட எலி பொறியையே இழுத்துக்கொண்டு ஓடும். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், பலகை ஈரத்தில் உப்பித் தட்டு இறுகிப்போகும். அப்போது பிளாஸ்டிக் பொறி தேவலை. கோழியும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் இரண்டு பக்கமும் திறந்த பெட்டிக்குள் வைத்தாக வேண்டும்.

பசை அட்டையில் ஓணானும் பல்லியும் எலிக்கு முன்னே ஒட்டும், மணற்காற்று பட்டால் பசை மாவாகிவிடும், ஒட்டிய உயிர் மணிக்கணக்கில் துடிக்கும். ஒலிக்கருவியின் சத்தம் சுவரையும் பெட்டியையும் தாண்டாது. அது எட்டும் இடத்திலும் எலி சில நாளில் பழகிவிடும்.

மெழுகுக்கட்டியில் இருப்பது 0.005 சதவீத புரோமடயலோன். இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது. தின்ற எலி சாக நான்கைந்து நாளாகும், அதற்குள் கூரைக்குள் போய்ச் செத்தால் நாற்றத்தைப் பிடித்து எடுக்க முடியாது. அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் கேடு. தென்னையில் குரும்பை காம்போரம் துளைபட்டு விழுந்தால் மட்டும், ஐந்து மரத்துக்கு ஒரு மரம் என்று எடுத்து, கொண்டையில் மட்டை இடுக்கில் 10 கிராம் கட்டி, 12 நாள் கழித்து இன்னொன்று. அதற்கு முன்னே, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை கட்டுவது மேல். உச்சிப்புளி பக்கம் போல மட்டையோடு மட்டை உரசும் அடர்ந்த தோப்பில் பட்டைக்குப் பலன் இராது, எலி மேலேயே தாவிப் போகும். தவறி யாராவது கட்டியைத் தின்றால் உறையோடு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த விஷத்துக்கு வைட்டமின் கே1 என்ற முறிமருந்து உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைப் பற்றிப் பேச்சே வேண்டாம், எங்காவது கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள்.

பொறியோடு சேர்த்து 6 மில்லிமீட்டர் கட்டமுள்ள எவர்சில்வர் வலை ஒன்றிரண்டு மீட்டர் வாங்கிவிடுங்கள். துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு (ஜி.ஐ.) வலை கடலோரத்தில் சீக்கிரம் அரித்துப் பொடியும். குழாய் நுழையும் ஓட்டை, சாக்கடைத் துவாரம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவற்றில் வலையை வைத்துச் சிமென்ட் பூசுங்கள். மீன்பிடி வலைக்கட்டு வைக்கும் அறையில் கவிச்சியோடு அந்த வலையைச் சுருட்டிப் போட்டால் எலி நைலானைக் கடித்துக் குதறும். அலசிக் காயவைத்து, தரையில் படாமல் தொங்கவிடுங்கள்.

புழுக்கையையும் மூத்திரத்தையும் உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கிய கொல்லையில் காலில் புண்ணோடு நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலி நடமாடும் வீடு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அவருக்கு அது உதவும்.