க்ளஸ்டர்எஃப்எஸ்: பெரிய ஃபைல்னா பறக்குது, குட்டி ஃபைல்னா படுத்துக்குது

க்ளஸ்டர்எஃப்எஸ்னா (GlusterFS) பல சர்வரோட டிஸ்க்க சேர்த்து ஒரே ஸ்டோரேஜா காட்டுற சாஃப்ட்வேர். கிருஷ்ணகிரில எங்க ஸ்டுடியோல மூணு சர்வர் வச்சு ரெப்ளிகா 3-ல (ஒவ்வொரு ஃபைலும் மூணு சர்வர்லயும் ஒரு காப்பி) ஓட்டுறோம், கல்யாண வீடியோ காப்பி பண்ணா சும்மா பறக்குது, ஆனா ஆல்பம் தம்ப்நெயில் ஃபோல்டர திறந்தா ரவுண்டானா போய் டீ குடிச்சிட்டே வந்துடலாம். மெட்டாடேட்டாக்குன்னு (ஃபைலோட சைஸ், தேதி மாதிரி விவரம்) தனி சர்வர் கிடையாது, ஒவ்வொரு குட்டி ஃபைலுக்கும் மூணு பக்கமும் விசாரிக்கணும், 20 கேபி படத்த படிக்கிறத விட விசாரிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. எம்டி-கேஷ் டைம்அவுட்ட (அந்த விவரத்த ஞாபகத்துல வச்சிருக்கிற நேரம்) 600 செகண்டுக்கு ஏத்துனப்புறம் லிஸ்டிங் கொஞ்சம் தேவல.

அப்கிரேடு ஒவ்வொரு சர்வரா பண்ணலாம், வேல நிக்காது. நாந்தான் அவசரக்குடுக்கை, மொத சர்வர் எழுந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டாவதையும் நிறுத்திட்டேன், குவோரம் (எழுதுறதுக்கு மூணுல ரெண்டு சர்வராவது ஓடணும்ங்கிற கணக்கு) போயி முகூர்த்த நாள்ல ஒரு ஃபோட்டோ கூட சேவ் ஆகல. ஹீல் இன்ஃபோல (இன்னும் சரிபண்ண வேண்டிய ஃபைல் எத்தனைன்னு காட்டுற கமாண்ட்) பூஜ்யம் வர்ற வரைக்கும் அடுத்தத தொடாதீங்க, க்ளையன்ட் (ஸ்டோரேஜ பயன்படுத்துற கம்ப்யூட்டர்) எல்லாத்தையும் அப்கிரேடு பண்ணி முடிச்சிட்டு கடைசியா ஆப்-வெர்ஷன் (சர்வர் எல்லாம் பொதுவா ஓடுற வெர்ஷன் எண்) ஏத்துங்க.