ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க்: குறைந்த விலையும் அதற்கான காரணமும்

மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்போன சென்னை ரிச்சி தெருவில், கையோடு எடுத்துச் செல்லும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை நியாயமான முறையிலேயே நல்ல விலைக்கு வாங்க முடியும். அதே தெருவில் அதைவிட ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் குறைத்துச் சொல்லப்படும் பொருளும் உண்டு. அந்தக் குறைவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் வாங்குபவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது இரண்டு ஹார்டு டிஸ்குகள் வாங்க வேண்டியிருந்தது. கடைகளில் கண்டதையும் கேட்டதையும், ஊருக்கு வரும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் விவரமாக எழுதுகிறேன்.

தேவை இதுதான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது. திருமணங்கள், காதணி விழாக்கள், தாத்தாவின் சதாபிஷேகம் எனக் குடும்பத்தின் ஒரு தலைமுறைக் காலமே அவற்றில் இருந்தது. உள்ளூர் ஸ்டூடியோ ஒன்று அவற்றைச் சுத்தம் செய்து கணினிக் கோப்புகளாக மாற்றித்தர ஒப்புக்கொண்டது. டி.வி. (DV) என்னும் பதிவு முறையில் மாற்றினால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. இடம் பிடிக்கும்; மூன்று மணி நேரக் கேசட் ஒன்றுக்கே 40 ஜி.பி. ஆகிவிடும். இன்னும் சுருக்கிப் பதிந்தால் இடம் மிச்சமாகும் என்றாலும், ஏற்கெனவே மங்கிப்போன படத்தை மேலும் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இரண்டு டெராபைட் (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜி.பி.) அளவு ஹார்டு டிஸ்க் தேவைப்பட்டது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதால் இரண்டாக வாங்கி, ஒன்றை அக்கா வீட்டில் வைத்துவிட்டு மற்றதை என்னோடு கொண்டுசெல்வது என்று முடிவு செய்தோம்.

ஊரில் எல்லாம் மலிவு என்ற எண்ணத்தோடு வருபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு சிறியதுதான். இன்று உலகில் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் நிறுவனங்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே மூன்று. எந்த நாட்டில் வாங்கினாலும் இவற்றில் ஒன்றைத்தான் வாங்குகிறோம். ஜெர்மனியில் நான் விசாரித்த இரண்டு டெராபைட் டிஸ்க்கின் விலை 75 யூரோவை ஒட்டி இருந்தது. அதில் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், தனிப்படி எடுப்பதற்காக வசூலிக்கப்படும் பதிப்புரிமைக் கட்டணமும் அடங்கும். ரிச்சி தெருவில் முறையான பில்லோடு எனக்குச் சொல்லப்பட்ட விலை 6,800 ரூபாய். யூரோவுக்கு ஏறக்குறைய நூறு ரூபாய் என்று கணக்கிட்டால் 700 ரூபாய்தான் மிச்சம். வேலை கும்பகோணத்தில் நடக்கிறது, ஒரு டிஸ்க் அங்கேயே தங்கப்போகிறது என்பதற்காகத்தான் சென்னையில் வாங்கினேன். விலைக்காக மட்டும் என்றால் விமானத்தில் சுமந்து செல்ல அவசியமே இல்லை.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவுக்கு, அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். ரிச்சி தெரு என்று பொதுவாகச் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துத்தான் அந்தச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வார நாளில், காலையில் கூட்டம் சேருமுன் செல்வது நல்லது. அக்கா மகன் உடன் வந்திருந்தான். நான் மடிக்கணினியையும் எடுத்துச் சென்றிருந்தேன். அதன் பயன் பின்னால் தெரிந்தது.

முதல் கடையில் விலை சொல்வதற்கு முன்பாகவே, "பில் போடணுமா சார், போடாம பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். பில்லோடு 6,800, பில் இல்லாமல் 5,900 என்றார்கள். இந்த 900 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஹார்டு டிஸ்க்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 6,800 ரூபாயில் பொருளின் மதிப்பு ஏறக்குறைய 5,763 ரூபாய். மீதி 1,037 ரூபாய் மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதியாகச் செல்ல வேண்டிய வரி. ஆக, பில் இல்லாத விலையில் கடைக்காரர் தம் லாபத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசுக்குச் சேர வேண்டியதில் 900 ரூபாயை நமக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தாம் வைத்துக்கொள்கிறார். நாம் அந்த 900 ரூபாய்க்கு ஈடாக, இன்ன தேதியில் இன்ன கடையில் இந்தப் பொருளை வாங்கினோம் என்பதற்கான ஒரே சான்றை இழக்கிறோம். பில்லைக் கேட்டுப்பெறுவது நம் உரிமை என்பதற்குச் சட்டமே இருக்கிறது: விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகையைப் பார்த்து நம்மவர்கள் பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் ஊருக்கு வருபவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கடையில் சொன்ன விலை என்னைத் திடுக்கிட வைத்தது: இரண்டு டெராபைட் 4,200 ரூபாய். பெட்டி புதிதாகத்தான் இருந்தது, சீலும் இருந்தது. ஆனால் பெட்டியில் எம்.ஆர்.பி. இல்லை, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இல்லை. இந்தியாவில் பெட்டியில் அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளில் இவை கட்டாயம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது முறையான வழியில் வந்த பொருள் அன்று, நிறுவனத்தின் இந்திய உத்தரவாதத்தையும் அதற்கு எதிர்பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். சற்றுத் தயக்கத்துக்குப் பிறகு பிரித்துக் கொடுத்தார்கள். மடிக்கணினியில் இணைத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது, அந்த டிஸ்க் 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருப்பதாகக் காட்டியது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அப்படியானால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் எங்கோ ஒரு கணினியில் ஓடிய டிஸ்க்கைக் கழற்றி, புதிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் புதியதென்று விற்கிறார்கள். பழைய பொருளைப் பழையது என்று சொல்லி 2,000 ரூபாய்க்கு விற்றால் அதில் குற்றமில்லை. வாங்குபவர் தெரிந்தே வாங்குவார். ஒரு குடும்பத்தின் ஒரே பிரதிப் படங்கள் அதற்குள் போகக்கூடும் என்பதை அறிந்தும் புதியதென்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை ரிச்சி தெருவுக்கு மட்டுமே உரிய குற்றமாக எண்ணிவிடவும் கூடாது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் முறையான கடைகளிலேயே புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்டு டிஸ்குகள் பல, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்பதை ஹெய்சே என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அவற்றில் ஓட்ட நேரக் கணக்கையே யாரோ அழித்துப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஃபார்ம் எனப்படும் மற்றொரு உட்பதிவைப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. எனவே ஓட்ட நேரம் அதிகமாகக் காட்டினால் அது பழைய டிஸ்க் என்பது உறுதி. குறைவாகக் காட்டினால் மட்டும் புதியது என்று முடிவு கட்டிவிட முடியாது. பெட்டி, பில், தொடர் எண் ஆகிய மூன்றும் அதனோடு பொருந்த வேண்டும்.

இணையக் கடைகளில் 16 டெராபைட் என்று போட்டு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்பவற்றைப் பற்றி ஒரு சொல். உறவினர் ஒருவர் அதை வாங்கலாமா என்று கேட்டார். கைக்கு அடக்கமான இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் எதுவும் அந்த அளவில் வருவதில்லை. இவற்றின் உறைக்குள் பெரும்பாலும் ஒரு சிறு மெமரி கார்டுதான் இருக்கும். கணினியில் இணைத்தால் 16 டெராபைட் என்று காட்டும்படி மாற்றியமைத்திருப்பார்கள். கோப்புகளை ஏற்றும்போது எந்தப் பிழையும் வராது, பெயர்களும் வரிசையாகத் தெரியும். உண்மையான கொள்ளளவு நிறைந்தபின் ஏற்றியவையெல்லாம் பழையவற்றின் மேல் எழுதப்பட்டு, அந்தப் பழையவை அழிந்துபோயிருக்கும். இது பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும் என்பதே இதன் கொடுமை.

இறுதியில் நாங்கள் வாங்கிய கடை சிறியது. அங்கே இருந்த இளைஞர் விலையை ஒரே முறை சொன்னார்: சீகேட் 6,750, வெஸ்டர்ன் டிஜிட்டல் 6,900, இரண்டுக்கும் பில் உண்டு. இரண்டும் வாங்குவதாகச் சொன்னதும் மொத்தத்தில் 250 குறைத்து 13,400 என்றார். பெட்டியில் அச்சிட்டிருந்த எம்.ஆர்.பி. இதைவிட மிக அதிகம். ஆனால் அந்த எண்ணை வைத்து எவ்வளவு தள்ளுபடி கிடைத்தது என்று மகிழ்வதில் பொருளில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் எவரும் எம்.ஆர்.பி. விலைக்கு விற்பதில்லை. வேண்டுமென்றே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் டிஸ்குகளை எடுத்தேன். ஒரே தயாரிப்பு வரிசையில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் பழுதாகக்கூடும் அல்லவா. "சார், இங்கேயே பிரிச்சுப் பார்த்துடுங்க. வீட்டுக்குப் போய்ட்டு வந்தா நாங்களும் கம்பெனிக்குத்தான் அனுப்பணும்" என்று அவராகவே சொல்லி, தன் கணினியில் இணைத்துக் காட்டினார். இரண்டிலும் ஓட்ட நேரம் பூஜ்யம். பெட்டியிலும் டிஸ்க்கின் பின்புறத்திலும் இருந்த தொடர் எண்கள் ஒன்றாக இருந்தன. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதக் காலத்தையும் சரிபார்த்தோம். பில்லிலும் அதே எண்களை எழுதித்தரக் கேட்டபோது முகம் சுளிக்காமல் எழுதித்தந்தார். இந்தச் சேவைக்காக நான் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

இரண்டு டெராபைட் வாங்கினால் விண்டோஸில் 1.81 என்றுதான் காட்டும்; இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளிலும் விண்டோஸ் 1,024இன் மடங்குகளிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. பக்கத்தில் ஒரு பெரியவர் இதற்காகக் கடைக்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார், பாவம் இருவருமே.

பணம் கொடுப்பதில்தான் வெளிநாட்டிலிருந்து வருபவருக்குச் சிக்கல். கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல் என்றார்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளை வெளிநாட்டு அலைபேசி எண்ணோடு யு.பி.ஐ.யில் இணைக்க 2023 ஜனவரியில் வழி செய்யப்பட்டபோது, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களுக்கே அந்த வசதி கிடைத்தது. ஜெர்மனி அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா மகன் தன் அலைபேசியிலிருந்து செலுத்தினான், நான் அவனிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். அப்படி உதவ ஆள் இல்லாதவர்கள் போதுமான ரொக்கத்தோடு செல்வதே வசதி.

கும்பகோணம் திரும்பியதும், கோப்புகளை ஏற்றுமுன் இரண்டு டிஸ்குகளையும் முழுமையாகச் சோதித்தோம். ஜெர்மனியின் செ.டெ. இதழ் வெளியிட்ட எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள், டிஸ்க் நிறையும்வரை தரவுகளை எழுதி, பின்பு அவற்றைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 100 எம்.பி. வேகம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு டெராபைட் எழுத ஐந்தரை மணி நேரம், படிக்க அதே அளவு. மாலையில் தொடங்கிவிட்டு உறங்கச் சென்றால் காலையில் முடிவு தெரியும். நடுவில் மின்சாரம் தடைபட்டாலும் மடிக்கணினியின் பேட்டரி தாங்கும், இருந்தாலும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டிலும் பிழை எதுவும் இல்லை. இதைச் செய்யாமல் நேரடியாகக் கேசட் பதிவுகளை ஏற்றி, மூலக் கேசட்டுகளைத் தூக்கி எறிந்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஸ்டூடியோவில் ஏற்றித்தந்த பிறகு ஒவ்வொரு கோப்பையும் திறந்து, தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலாவது ஓட்டிப் பார்த்தோம். ஒரு கேசட்டின் பிற்பகுதி ஒலியில்லாமல் பதிவாகியிருந்ததை அப்போதுதான் கண்டோம். ஸ்டூடியோக்காரர் மறுநாளே மறுபதிவு செய்து கொடுத்தார், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

என்னோடு வரும் டிஸ்க்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சரக்குப் பெட்டியில் போட்டால் அதிர்ச்சிக்கு ஆளாகும். விமானத்தில் ஜெர்மனி திரும்புபவர் 430 யூரோ மதிப்பு வரையிலான சொந்தப் பயன்பாட்டுப் பொருட்களைச் சுங்கவரியின்றிக் கொண்டுவரலாம் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. பில்கள் இரண்டையும் அக்காவின் பெயரிலேயே போடச் சொல்லியிருந்தேன். உத்தரவாதம் இந்தியாவில் விற்ற பொருளுக்கு உரியது என்பதால், பழுதானால் என் டிஸ்க்கையும் அவர் வழியாகத்தான் சேவை மையத்தில் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றித் தருவது வேறொரு டிஸ்க்கைத்தான். உள்ளே இருந்த படங்கள் அதோடு திரும்பி வராது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு டிஸ்குகளையும் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை அவரிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்; தைப்பொங்கல் விடுமுறையை அதற்கென்று குறித்திருக்கிறோம்.