முன்கடையிலிருந்து பின்கட்டுக்கு: மேகம் இல்லாமல் மூன்று ஆண்டுகள்

எங்கள் கடை பினாங்கு லிட்டில் இந்தியாவில், பழைய கடைவீடுகள் வரிசையில் ஒன்று. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீளும். முன்னால் வடிவமைப்புக் கணினி, நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைத் தாண்டிப் பின்கட்டில் பேனர் அச்சிடும் இயந்திரமும் அதற்கென்று ஒரு கிழட்டுக் கணினியும். கல்யாண அழைப்பிதழ், பதினாறாம் நாள் பிரார்த்தனை அட்டை, தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப்பந்தல் பேனர் என்று ஓடுகிற தொழில். முன்னால் செய்த கோப்பு பின்னால் போய்ச் சேர வேண்டும். அறுபது அடிதான். அந்த அறுபது அடிக்குத்தான் இவ்வளவு கதையும்.

2023 தைப்பூசம் வரை எல்லாவற்றையும் இணையம் வழியாக மேகச் சேமிப்பில் (கிளவுட்) ஏற்றி, பின்னால் போய் இறக்கிக்கொண்டிருந்தோம். இருபதடிக்கு நான்கடி பேனரை அங்குலத்துக்கு 100 புள்ளி கணக்கில் போட்டால் 24,000க்கு 4,800 புள்ளிகள். அச்சுக்கான நான்கு வண்ணத்தில் அமுக்காமல் சேமித்தால் ஒரு கோப்பே ஏறக்குறைய 460 எம்பி. திருத்துவதற்கு வைத்துக்கொள்ளும் மூலக்கோப்பு சில நேரம் ஒரு ஜிபியையும் தாண்டும். தண்ணீர்மலைத் தேர் கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, இலவச இடம் தீர்ந்துவிட்டது, பணம் கட்டு என்று திரையில் வந்தது. அன்று சாயங்காலமே இணையமும் படுத்துக்கொண்டது. கையில் பென்டிரைவோடு முற்றத்தைக் குறுக்கே எத்தனை தடவை கடந்தேன் என்று எண்ணவில்லை. மழை வேறு.

பிறகுதான் யோசித்தேன். இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றன. கோப்பு ஏன் எந்த நாட்டிலோ இருக்கும் சர்வருக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும்?

முதலில் போட்டது லோக்கல்சென்ட். திறந்த மூல மென்பொருள், காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். இரண்டு கருவியிலும் திறந்துவைத்தால் ஒன்றையொன்று தானே கண்டுகொள்ளும். அனுப்பு என்றால் அந்தப் பக்கம் ஏற்கவா என்று கேட்கும், அவ்வளவுதான். இணையமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ரவுட்டர் உயிரோடு இருந்தால் போதும். ஒவ்வொரு கருவிக்கும் அதுவாகவே ஒரு பெயரடையும் ஒரு பழமும் சேர்த்துப் பெயர் வைக்கும். முதல் வாரம் பின்கட்டுக் கணினி ஏதோ ஒரு ஆரஞ்சாக இருந்தது, என் கைப்பேசி ஒரு மாம்பழம். வேடிக்கைதான், ஆனால் அவசரத்தில் எந்தப் பழம் யாருடையது என்று தடுமாறி, கல்யாணக் கார்டை என் மனைவியின் ஐபோனுக்கே அனுப்பிய பிறகு எல்லாவற்றுக்கும் நாமே பெயர் வைத்துவிட்டோம்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மென்பொருளைவிடச் சுவர்தான் முக்கியம். பின்கட்டுக் கணினி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தபோது அந்த 460 எம்பி பேனருக்கு இரண்டு நிமிடம் ஆனது. 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தால் பதினைந்து நொடி, ஆனால் இந்தக் கனத்த செங்கல் சுவர்களைத் தாண்டிப் பின்கட்டுக்கு அந்த அலை போவதே இல்லை. கடைசியில் சுவரோரமாக, உத்தரத்துக்குக் கீழே ஒரு நீளக் கேபிளை ஓட்டினோம். வாடகைக் கடை, துளை போடக்கூடாது. அதனால் ஜன்னல் சட்டத்துக்கு மேல் இருந்த இடுக்கில் நுழைத்தோம். இப்போது அதே பேனர் ஐந்தாறு நொடியில் போய்விடுகிறது. மூன்று வருஷத்தில் நான் செய்த செலவில் இதைவிடப் பலன் தந்தது வேறெதுவும் இல்லை. வெறும் வயர்.

லோக்கல்சென்டைப் போட்ட முதல் நாள் இரண்டு கணினியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. காரணம், வெளித் தொடர்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால். எங்கள் வைஃபையை அது 'பொது' என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதைத் 'தனிப்பட்டது' என்று மாற்றியதும் சரியானது. மாற்றியும் வரவில்லை என்றால் ஃபயர்வாலில் 53317 என்ற எண்ணுள்ள வாசலை (போர்ட்) லோக்கல்சென்டுக்குத் திறந்துவிட வேண்டும். ஐபோன்காரர்களுக்கு வேறொரு இடம்: அமைப்புகளில் 'உள்ளூர் நெட்வொர்க்' அனுமதி. முதல் தடவை கேட்கும்போது படிக்காமல் வேண்டாம் என்று தட்டியிருப்பார்கள், அதற்கப்புறம் எதுவுமே தெரியாது. என் மனைவி அப்படித்தான் ஒரு வாரம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இனி வாடிக்கையாளர் விஷயம். இதுதான் எங்களுக்கு உண்மையான தலைவலி. எல்லாரும் படத்தைப் புலனத்தில் அனுப்புகிறேன் என்பார்கள். (தமிழாசிரியர்களும் வானொலிக்காரர்களும் புலனம் என்பார்கள், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்.) பெரும்பாலான அரட்டைச் செயலிகள், படத்தைப் படமாகவே அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். ஒரு தடவை பதினாறாம் நாளுக்கு, தாத்தாவின் படத்தை நான்கடி உயரத்துக்குக் கேட்டார்கள். வந்த படம் நீளவாக்கில் 1,600 புள்ளி. நான்கடி என்பது 48 அங்குலம். அங்குலத்துக்கு முப்பத்து மூன்று புள்ளிதான் தேறியது. கிட்டப் போய்ப் பார்த்தால் தாத்தாவின் மீசை சதுரம் சதுரமாகத் தெரிந்தது. தவறு எங்களுடையதுதான், மூலப்படத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, பேனரைச் சுருட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

வருகிறவர்களிடம் எல்லாம் செயலி போடுங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே கல்லாவுக்குப் பக்கத்தில் பேர்டிராப் என்ற, கோப்பு அனுப்பும் இணையப் பக்கத்துக்கான கியூஆர் ஒட்டியிருக்கிறோம். உலாவியில் திறந்தால் போதும். பக்கம் திறக்க இணையம் வேண்டும், ஆனால் இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருந்தால் படம் நேரே இங்கிருந்து அங்கே போய்விடும். இதிலும் ஒரு சிக்கல் வந்தது. வாடிக்கையாளருக்கு விருந்தினர் வைஃபை கொடுத்திருந்தோம். அதில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரவுட்டரே தடுத்துவிடும். காப்பிக்கடை, ஹோட்டல் வைஃபையில் எல்லாம் இந்த வகைச் செயலிகள் ஊமையாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். எங்கள் ரவுட்டரின் அமைப்பில் டிக் போடும் இரண்டு கட்டங்கள் இருந்தன: விருந்தினர் ஒருவரையொருவர் பார்க்கலாமா என்று ஒன்று, உள்வலைக்குள் வரலாமா என்று இன்னொன்று. முதலாவதை மட்டும் திறந்துவிட்டு, ஒரு பழைய டேப்லெட்டை விருந்தினர் வைஃபையிலேயே போட்டுவைத்தோம். படம் அதற்கு வரும், அங்கிருந்து யூஎஸ்பி கேபிளில் முன்கணினிக்கு. ஊரார் கைப்பேசி எதுவும் எங்கள் கணினிகளைத் தொடாது. வெளியே கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது என் கைப்பேசியிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு லோக்கல்சென்டில் வாங்கிவிடுவேன். அதற்கு மொபைல் டேட்டா செலவாகாது.

இப்போது இரண்டாவது மென்பொருள், சிங்திங். இதை நான் முதலில் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. லோக்கல்சென்ட் கோப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சிங்திங் அப்படியில்லை, இரண்டு கருவியிலும் உள்ள ஒரு கோப்புறையை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும். 2013 முதல் இருக்கிறது, இதுவும் திறந்த மூலம், நடுவில் கோப்பைச் சேமித்துவைக்கும் சர்வர் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதி கொண்ட அடையாளம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் பேசும். வெளியிலிருந்து நேரடியாக இணைய முடியாதபோது இடைநிலைச் சர்வர் வழியாகப் போகும், பூட்டித்தான் போகும். எங்களுக்கு அதுவும் தேவையில்லை என்று அணைத்துவிட்டேன். முன்னால் சேமித்தால் பின்னால் தானாக இருக்கும். அனுப்பும் வேலையே இல்லை. ஆஹா என்று இருந்தது.

2024 ஏப்ரலில், எஸ்பிஎம் பள்ளித் தேர்வை முடித்துவிட்டுக் கடைக்கு உதவிக்கு வந்த அக்கா மகன் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, இடம் இல்லன்னு காட்டுச்சு. 2022, 2023 ஃபோல்டர அழிச்சிட்டேன். முன்னுக்கு இருக்குதானே?"

நான் முன்கணினியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கேயும் 2022 போய்விட்டது. 2023 என் கண் முன்னாலேயே காலியாகிக்கொண்டிருந்தது. சிங்திங் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது: ஒன்றில் அழிந்தது இன்னொன்றிலும் அழிய வேண்டும். முன்னால் அழிந்தவை குப்பைத்தொட்டிக்குப் போகவில்லை, நேரே போயே போய்விட்டன. "ஒண்ணையும் தொடாதடா, கைய எடு" என்று கத்திக்கொண்டே முற்றத்தைத் தாண்டி ஓடினேன். நல்ல காலம், பையன் சாதாரணமாக அழித்திருந்தான். எல்லாம் பின்கணினியின் குப்பைத்தொட்டியில் இருந்தன. அதையும் காலி செய்ய அவன் சுட்டியை எடுத்துவிட்டிருந்தான். அன்று மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அன்றைக்கே இரண்டு மாற்றம் செய்தோம். பின்கட்டுக் கணினியின் கோப்புறையைப் 'பெற மட்டும்' என்று வைத்தோம். அங்கே யார் எதை அழித்தாலும் முன்னுக்கு வராது. முன்கணினியில் கோப்புப் பதிப்புகளைச் சேமிக்கும் வசதியைப் போட்டோம். வேறு கருவியிலிருந்து வரும் மாற்றத்தாலோ அழிப்பாலோ போகிற கோப்பின் பழைய பிரதி தனி இடத்தில் ஒதுங்கும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீங்களே உட்கார்ந்து உங்கள் கணினியில் அழிப்பதற்கு இது பொறுப்பேற்காது. என் மடிக்கணினியும் அதே கோப்புறையில் இருப்பதால் இன்னொரு சின்னத் தொல்லை. ஒரே கார்டை நான் வீட்டிலும் மனைவி கடையிலும் ஒரே நேரத்தில் திருத்தினால், பெயரில் தேதியும் 'சிங்க் கான்ஃபிளிக்ட்' என்ற வாலும் ஒட்டிய இரண்டாவது கோப்பு முளைக்கும். எதுவும் தொலையாது, ஆனால் எது சரி என்று திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டில் சிங்திங்கின் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது அதன் கிளைப் பதிப்பைப் பயன்படுத்துகிறேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேட்டரி சேமிப்பிலிருந்து மட்டும் அதை விலக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கைப்பேசியே அதைத் தூங்கவைத்துவிடும். ஐபோனில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். லோக்கல்சென்டில் பெரிய வீடியோ வாங்கும்போது திரை அணைந்தால் பரிமாற்றம் நின்றுவிடும். மனைவி கட்டைவிரலால் திரையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். மேக்குக்கும் ஐபோனுக்கும் இடையில் மட்டும் என்றால் ஏர்டிராப்பே போதும், இதெல்லாம் தேவையில்லை. ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் என்றால் குவிக் ஷேரும் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் கடையிலும் எல்லா ஜாதிக் கருவியும் கலந்திருப்பதால் லோக்கல்சென்ட்.

இவ்வளவும் செய்தும், வயசான ஆயாக்கள் வந்தால் கேபிள்தான். "நீயே எடுத்துக்கோயா" என்று கைப்பேசியை நீட்டிவிடுவார்கள். காலை வணக்கப் படங்கள் நாலாயிரத்துக்கு நடுவில் பேத்தியின் சடங்குப் படத்தைத் தேடுவதற்கு எந்தச் செயலியும் உதவாது.

சிங்திங்கைக் காப்புப்பிரதி என்று நினைப்பதை ஏப்ரலோடு விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டில் எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் வீட்டுக்கு ஃபெர்ரியில் கொண்டுபோகிறேன். எங்கள் கோப்புகள் கடல் தாண்டுவது இப்போது அந்த ஃபெர்ரியில் மட்டும். போன வாரம் கிளம்பும்போது அக்கா மகன் பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, அதே பையில தண்ணி போத்தல வெக்காதீங்க."