புதுச்சேரி ஸ்கேன் மையம் ஒன்றில் மண்ணீரல் கட்டிக்கான பரிசோதனை

கடலூரில் எடுத்த அல்ட்ராசவுண்டில் என் அம்மாவின் மண்ணீரலில் 4 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்ததால், அது இன்னதென்று உறுதிசெய்யப் புதுச்சேரியில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்குச் சென்றோம். ஹீமாஞ்சியோமா எனப்படும் ரத்தக்குழாய்க் கட்டி கல்லீரலில் பரவலாகக் காணப்படுவது. மண்ணீரலிலோ குடலைத் தாங்கும் சவ்விலோ வருவது அரிது. ஊசி குத்திச் சதை எடுத்தால் ரத்தம் கசியும் அபாயம் இருப்பதால், மருத்துவர்கள் பெரும்பாலும் படங்களைக் கொண்டே முடிவுக்கு வருகிறார்கள். ஆகவே எத்தனை கட்டமாகப் படம் எடுக்கிறார்கள் என்பதைத்தான் இத்தகைய மையத்தில் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் இவர்களிடம் குறை காண முடியவில்லை. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் அம்மா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே, கட்டியைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். மருந்து ஏறும்போது உடலெங்கும் சூடு பரவும், சிறுநீர் கழிந்துவிட்டது போலவும் தோன்றும் என்று அங்கிருந்த பெண் முன்கூட்டியே சொன்னதால் அம்மா பதறவில்லை. மருந்தின்றி ஒரு முறை, தமனியில் மருந்து ஓடும்போது ஒரு முறை, சிரைக்கு வந்ததும் ஒரு முறை எனப் படம் எடுத்த பின், சில நிமிடங்கள் காத்திருந்து கடைசியாக ஒரு முறையும் எடுத்தார்கள். கட்டியின் ஓரத்தில் பற்றிய மருந்து மெல்ல நடுப்பகுதி வரை நிரம்பியது அந்தக் கடைசிப் படத்தில்தான் தெரிந்தது. மண்ணீரலில் ஹீமாஞ்சியோமாவின் இந்த அடையாளம் எப்போதும் இவ்வளவு தெளிவாக அமையாது என்பதால் எம்.ஆர்.ஐ.யும் பார்க்கலாம் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தது எனக்கு நேர்மையாகப் பட்டது.

குறை அறிக்கையில் இல்லை, ஃபிலிமில் இருந்தது. அன்று மாலை தருவதாகச் சொன்னதை மறுநாள்தான் கொடுத்தார்கள். அதற்காக மீண்டும் ஒரு முறை பேருந்து ஏறினோம். பிறகு பார்த்தால், முக்கியமான அந்தக் கடைசிப் படங்கள் ஃபிலிமில் அச்சாகவே இல்லை. அறுவைச் சிகிச்சை மருத்துவர் கேட்டபோது, நல்லவேளையாக, எல்லாப் படங்களும் பதிந்த சிடி (குறுந்தகடு) கையில் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்த பிறகே, இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம், 6 மாதம் கழித்து அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதும் என்றார். அங்கே செல்பவர்கள் சிடியைக் கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோங்கள். ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் அந்த மையத்தில் குடிநீர்க் குழாய் வறண்டு கிடந்தது.