கார் கேஸ்கெட் போட்ட படகு எஞ்சின்: ஒன்பது வருட அனுபவம்

என் படகில் இருப்பது 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸ் காருக்கும் பிக்கப்புக்கும் வார்த்த அதே 350 கன அங்குல பிளாக்தான். மெர்குரூசர் என்ற படகு எஞ்சின் பெயரில் படகுக்குள் இறங்கியிருக்கிறது. பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். கார் கேஸ்கெட்டை எடுத்து வைத்தால் ஒரு துளைகூடப் பிசகாமல் உட்காரும். படகுக்கென்று ‘மெரைன்’ என அச்சடித்த பெட்டிக்கு மட்டும் ஏன் அத்தனை விலை என்ற எரிச்சல் எனக்கு அப்போதே உண்டு.

ஒன்பது வருடம் முன்பு முதல் தடவை ஹெட்டைக் கழற்றியபோது கார் செட்டையே வாங்கினேன். கூட வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

“தம்பி, உப்புத்தண்ணி ஓடுற எஞ்சின் இது. உள்ள இருக்கற தகடு எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கிற?”

“ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணி விட்டுக் கழுவிடுவேண்ணே.”

அவர் மேற்கொண்டு பேசவில்லை. டார்க் ரெஞ்சை எடுத்துக் கையில் கொடுத்தார்.

சொன்னபடி கழுவவும் செய்தேன். ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம், சோம்பல் படாமல். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருடம், எஞ்சின் ஓடிய நேரம் காட்டும் மீட்டரில் 210 மணி கூடியிருந்தபோது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் அடிக்காமல் தடுமாற ஆரம்பித்தது. அரை நிமிடத்தில் சரியாகிவிடும். கார்புரேட்டர் கோளாறு என்று ஒரு மாதம் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிளக்குகளைக் கழற்றினால் ஏழு பிளக் பழுப்பு நிறம், ஏழாம் நம்பர் மட்டும் தேய்த்துக் கழுவிவைத்த மாதிரி வெள்ளை. அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், மற்றவற்றில் 150 பிஎஸ்ஐ காட்ட, அதில் 110. அடுத்த வாரம் டிப்ஸ்டிக்கில் ஆயில் தண்ணீர் கலந்து பாலாகத் திரிந்து வந்தது.

ஹெட்டைத் தூக்கிவிட்டு கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் வளையம் அப்படியே பளபளவென்று இருந்தது. நெருப்பு அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தண்ணீர்த் துளைகளின் ஓரத்தில் உள்தகடு துருப்பிடித்து, ஏடு ஏடாக ஊதி, நகத்தால் நிமிண்டினால் உதிர்ந்தது. பின்பக்க மூலையில் அரிப்பு ஏழாம் சிலிண்டரின் வளையத்துக்கு அடியிலேயே போய்விட்டது. முன்பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பின்மூலையில் அது தேங்கும். நான் பீற்றிக்கொண்ட பதினைந்து நிமிடக் கழுவலில் அந்த மூலைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ. காற்றும் பெட்ரோலும் ஹெட்டுக்குள் போகும் இன்டேக் மேனிபோல்டின் கேஸ்கெட்டிலும் இதே கதை: பின்பக்கத் துளைகளில் மேனிபோல்ட் பக்கம் வழியே கிடையாது, ஹெட்டிலிருந்து தண்ணீர் வந்து சும்மா முட்டிக்கொண்டு நிற்கிறது. தின்னப்பட்டது அந்த இரண்டு மூலைதான்.

கேஸ்கெட் போனதைவிட எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஹெட்டின் முகம். நான் போட்டிருந்தது கிராஃபைட் பூசிய வகை. உப்புநீரில் கிராஃபைட்டும் வார்ப்பிரும்பும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரிதான், கரைந்துபோவது இரும்பு. துளைகளைச் சுற்றி அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஹெட்டை மில்லிங் போட்டு, முகத்தைச் சீவி எடுக்க வேண்டியதாயிற்று. கேஸ்கெட்டில் மிச்சம் பிடித்த காசு போன இடம் தெரியவில்லை.

காரில் இதே தகடு பல வருடம் தாங்குவது எப்படி? அங்கே அதைச் சுற்றி ஓடுவது கூலண்ட், துருத் தடுப்பு மருந்து கலந்தது. இரும்புத் தகடு கடல்நீரைக் கண்ணால்கூடப் பார்க்காது. படகிலோ, கடலிலிருந்து உறிஞ்சிய நீரை நேரே பிளாக்குக்குள் விடும் எஞ்சின்கள் இருக்கின்றன. என்னுடையது அந்த ரகம். மெரைன் கேஸ்கெட்டில் பொதுவாக உள்ளே இருப்பது துருவைத் தாங்கும் உலோகம், வளையம் துருப்பிடிக்காத எஃகு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால்தான் நான் ஏமாந்தேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நண்பர் ஒருவரின் படகில் இதே பிளாக், ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மூடிய குளிரூட்டல். பிளாக்குக்குள் கூலண்ட் மட்டும்தான்; கடல்நீர் வெளியே எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும். அவர் போட்டதும் கார் ஹெட் கேஸ்கெட்டே. ஏழு வருடம் ஆகிறது, இன்னும் திறக்கவில்லை. கூலண்டை மட்டும் தவறாமல் மாற்றுகிறார். ‘மெரைன்தான் போடணும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களிடம் அதனால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எந்தக் கேஸ்கெட்டைக் கையில் எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றே: இதன்மேல் உப்புத்தண்ணீர் படுமா?

படாத இடங்களில் கார் கேஸ்கெட்டையே இன்றும் போடுகிறேன். ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவருக்கு ரப்பர் கேஸ்கெட், கார் பெட்டியில் வந்தது, ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. கார்க் வகையை வாங்காதீர்கள், காய்ந்து சுருங்கிவிடும். புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் ஹெட்டோடு சேரும் இடம் இந்த எஞ்சினில் தண்ணீர் ஓடாத உலர்ந்த இணைப்பு, அங்கும் கார் கேஸ்கெட் ஓடியது. கழற்றும்போது துருவாக உதிர்ந்தாலும் கசிந்ததில்லை.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் பேனிலும் கார் கேஸ்கெட்தான், ஆனால் ஒரே துண்டாக வரும் ரப்பர் வகை, உள்ளே எஃகுத் தகடு வைத்தது. காரில் பேன் கேஸ்கெட் மாற்ற வண்டிக்கு அடியில் படுத்தால் போதும். படகில் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். அதனால் அங்கே மலிவானதைத் தேடாதீர்கள்.

கார் கேஸ்கெட்டைக் கிட்டேயே சேர்க்கக்கூடாத இடம் எக்ஸாஸ்ட் ரைசர், எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் மேல் உட்காரும் புகைக்குழாய்த் துண்டு. நடுவில் கொதிக்கும் புகை, அதைச் சுற்றிக் கடல்நீர், இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு கேஸ்கெட்தான். காரில் இப்படி ஒரு இணைப்பே கிடையாது. யாரோ தாளில் வெட்டி ஒட்டிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அது கசிந்தால் எஞ்சினை நிறுத்திய பிறகு தண்ணீர் மெல்ல இறங்கி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய் நிற்கும். மறுநாள் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளையும்.

இரட்டை எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்று எதிர்த்திசையில் சுற்றும் எஞ்சினாக இருந்தால், கிராங்க் பின்பக்க ஆயில் சீலை கார் கடையில் வாங்காதீர்கள். சில சீல்களின் உதட்டில் ஆயிலை உள்ளே தள்ளும் சாய்வு வரிகள் இருக்கும். திசை மாறினால் அதுவே ஆயிலை வெளியே இறைத்துவிடும். இன்னொன்று, கேஸ்கெட்டில் துணிந்த கையோடு கார் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் என்று போய்விடாதீர்கள். பெட்ரோல் ஆவி படகின் அடித்தட்டில் இறங்கித் தேங்கும். மெரைன் மின்பாகங்கள் அந்த ஆவியைப் பற்றவைக்காதபடி எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே1171 தரத்தில் செய்யப்படுகின்றன. கேஸ்கெட் போனால் எஞ்சின்தான் போகும், இதில் படகும் ஆளும் சேர்ந்து போவார்கள்.

மில்லிங் போட்ட ஹெட்டை மெரைன் கேஸ்கெட்டோடு மாட்டினேன். இந்த பிளாக்கில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் போய்த் திறக்கின்றன. மரைகளில் சீலண்ட் பூசாமல் முறுக்கினால் எந்தக் கேஸ்கெட் போட்டும் பயனில்லை. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் வாங்கலாமா என்றும் யோசித்தேன். கண்ணாடி போன்ற முகம் கேட்கும் சாமான் அது, என் பழைய பிளாக்கின் முகத்துக்குச் சரிவராது என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் ஒரு வால்வு கருகியதால் அதே பக்கத்தை மறுபடி திறந்தேன். ஆறு வருடம், 480 மணி நேரம். கேஸ்கெட்டை எடுத்ததும் நேரே பின்மூலைத் துளையைத்தான் பார்த்தேன். உப்புப் பொருக்கு இருந்தது, ஓரம் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது, உலோகம் முழுசாக இருந்தது. அண்ணனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “பழசை வெச்சிருக்கியா, தூக்கிப் போட்டியா?” என்று மட்டும் கேட்டார். வைத்திருக்கிறேன், டூல் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி.